சர்க்கரை சேர்க்காத டீ

கோடை முடிந்தும் தணியாத இந்த வெயிலில் சூடாக டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், மேடம். குறை சொல்லவில்லை, மனசுதான் முக்கியம். ஆனால் இந்த அறையில் மின்விசிறி காற்றுக்காகச் சுற்றுகிறதா சத்தத்துக்காகச் சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டே நீங்களும் அந்தக் கொதிக்கிற டீயை ஊதி ஊதிக் குடிக்கிறீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் என்றதும் கொஞ்சம் பயந்துகொண்டுதான் வந்தேன். என் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்து, "இதுல என்னென்ன போடுவீங்க, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள் பாருங்கள், பயமெல்லாம் போய்விட்டது. என் டீயைக் குடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எப்படிச் செய்தாய் என்று உட்கார வைத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

என் டீயில் தேயிலையே கிடையாது, மேடம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். புதினாவை அணைத்த பிறகுதான் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் வாசனை முழுக்க ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், நமக்குக் கசப்பு மட்டும் மிஞ்சும். எலுமிச்சைப் புல்லை முடிச்சுப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விடுவேன். மேலே மூடி வைத்து, கை பொறுக்கிற சூடு வரும்வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. எலுமிச்சம்பழம் நன்றாக ஆறிய பிறகு. ஐஸ் விஷயத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஐஸைப் போட்டால் அது உருகி டீ சப்பென்று ஆகிவிடும். நான் டீயிலேயே கொஞ்சம் எடுத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். அது உருகினால் டீதான் கூடும். இதை நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

வேரைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன், மேடம். வேரைத் தனியாகக் கொதிக்க வைக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். அதைச் சொல்வதற்கும் வேண்டும்.

நான் வீட்டிலேயே வேலை செய்கிறவன். கார், பஸ், லாரி எல்லாவற்றுக்கும் சீட் கவர் தைப்பேன். தையல் மிஷின் முன்னறை ஜன்னலோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் தெருக்கோடி தெரியும், அதற்கப்பால் துறைமுகத்து மதில், மதிலுக்கு மேலே நெட்டை. நெட்டை என்பது துறைமுகத்தின் பெரிய கிரேன். அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை உண்டு, உள்ளே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டலாம். காலை வெயிலில் அந்தக் கண்ணாடி மின்னி என் ஊசி முனையில் கண் கூசும்.

என் மனைவி அதே துறைமுகத்தில் சின்ன கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். தரையில் ஓடுகிற வண்டி, பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. வாசல் எங்கள் தெருக்கோடியிலேயே இருப்பதால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவாள். செருப்பை உதறுகிற சத்தம் கேட்டதுமே நான் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கை கழுவி உட்கார்ந்தாள் என்றால் வாய் ஓயாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மீசை இன்று எதில் கொண்டுபோய் இடித்தார், மேஸ்திரி யாரை வறுத்தெடுத்தார், வாசல் காவலில் நிற்கிற சுகர் அண்ணன் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் தின்று எப்படி மாட்டிக்கொண்டார், எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். மீசையின் மீசைக்குக் கரண்டியை மூக்கடியில் வைத்துக்கொள்வாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வேளைக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பதே. அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லாமல் தெரிய வேண்டியதுதானே.

நெட்டையில் ஏறுகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீடு கிடையாது. ஏறினால் ஷிஃப்ட் முடிந்துதான் இறங்குவார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கோடை தொடங்கிய புதிதில் அவளை நெட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று செருப்பைக்கூட உதறவில்லை, போட்டபடியே உள்ளே ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, நெட்டை எனக்குத்தாங்க! மேஸ்திரியே சொல்லிட்டாரு. மேல இருந்து பாத்தா கடல் வளையறது தெரியுமாம். நம்ம மொட்டை மாடில நீங்க துணி காயப் போடறதுகூடத் தெரியுமாம்ங்க. நான் அங்கேருந்து கை காட்டுவேன்."

எனக்கும் சந்தோஷம்தான், மேடம். அதில் சந்தேகமே வேண்டாம். நெட்டையின் கண்ணாடி அறையில் இருக்கை கட்டை மாதிரி இருக்கும், ஒரு மெத்தை தைத்துக் கொடுங்கள் என்றாள். எலுமிச்சை நிறத்தில் துணி எடுத்து, ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டு, அன்றே தைத்துக் கொடுத்தேன். அதை உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து கியர் போடுகிற மாதிரி கையை ஆட்டினாள். பிறகு பழைய போர்வையில் சுற்றிப் பரணில் வைத்தோம். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். அதில் துறைமுகத்து நர்ஸ் அக்கா யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார்கள். அதனால் என் மனைவி உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதல் வேலையாகச் சர்க்கரையை விட்டாள். அவள் எப்படிப்பட்ட ஆள் என்றால், சர்க்கரை டப்பாவை வழித்து நக்குகிற ஆள். சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு அவள் மூஞ்சி போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மூலிகைக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் அதிமதுரம் கொடுத்தார். காய்ந்த குச்சி மாதிரி இருக்கிற வேர். ஆனால் சர்க்கரையைவிட எத்தனையோ மடங்கு இனிப்பு. கூடவே காய்ந்த செம்பருத்தியும் வாங்கினேன், நிறத்துக்கு. அன்று மதியம் கண்ணாடி டம்ளரில் சிவப்பாக, புதினா மிதக்க, டீ ஐஸ் கிணுகிணுக்க நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

"பொய் சொல்லாதீங்க. சர்க்கரை போட்டிருக்கீங்க."

"ஒரு துளி கிடையாது. வேர்."

"இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

அதிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மதியம் இரண்டு, வேலை முடிந்து வந்ததும் ஒன்று. ஃபிளாஸ்க்கிலும் கொஞ்சம் கொடுத்தனுப்புவேன். அந்தச் சமயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. அதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

முதல் பரிசோதனையில் அழுத்தம் கொஞ்சம் கூட இருந்தது. "பதட்டமா இருப்ப. நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா, மறுபடி பாக்கலாம்" என்று நர்ஸ் அக்கா அனுப்பிவிட்டார்கள். அன்று வந்து, சாப்பிடாமல் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி என்மேல் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. எப்போதும் துறுதுறுவென்று திரிகிறவள்.

வேர் தீர்ந்து போயிருந்தது. மறுபடி கடைக்குப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரர், "தினமுமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"எப்பவாவது குடிச்சா ஒண்ணும் இல்ல. தினமும் வேணாம் சார். பிரஷர் ஏத்திடும். கால் வீங்கும், தசை பிடிச்சு இழுக்கும், கையில பிடி இருக்காது. எங்கப்பா இனிப்பா இருக்குதுன்னு குடிச்சுக் குடிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டாரு. செம்பருத்தி வேணா குடிங்க, அது பிரஷரை இறக்கும்."

நல்ல மனிதர். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்கிற கடைக்காரர்களை இப்போது எங்கே பார்க்க முடிகிறது. அவருக்கு நன்றி சொன்னேன். கடைக்குள் குளுகுளுவென்று இருந்தது, காய்ந்த இலைகளின் வாசனை வேறு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மூக்கடியில் கரண்டியோடு அவள் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, வேர் இரண்டு பொட்டலம் கொடுங்கள் என்றேன்.

"ரெண்டா?" என்றார்.

"எங்க வீட்ல யாருக்கும் பிரஷர் இல்லைங்க" என்றேன்.

அது பொய்யில்லை. அவளுக்கு இருந்தது பதட்டம்தான் என்று நர்ஸ் அக்காவே சொல்லியிருந்தார்கள். செம்பருத்தி வாங்கவில்லை. வீட்டில் மிச்சம் இருந்ததையும் பூந்தொட்டியில் கொட்டினேன்.

"என்னங்க, செவப்பு போயிடுச்சு?" என்று கேட்டாள்.

"டம்ளர்ல கறை படியுது" என்றேன். அதுவும் பொய்யில்லை, செம்பருத்திக் கறை லேசில் போகாது.

அடுத்த பரிசோதனையில் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. நர்ஸ் அக்கா டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரையும் கொடுத்தார். உப்பைக் குறைத்தேன். மாத்திரையை வேளை தவறாமல் நானே உரித்து அவள் உள்ளங்கையில் வைப்பேன், விழுங்குவதற்கு டீயும் நானே கொடுப்பேன். மாத்திரை இவ்வளவு சாப்பிட்டும் ஏன் குறையவில்லை என்று டாக்டருக்கே ஒன்றும் பிடிபடவில்லை. மனசில் ஏதாவது பயம் இருக்கிறதா என்று அவளைக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. "எனக்குப் பயமே இல்லைங்க. இருக்கற மாதிரியே தெரியல. ஆனா உள்ளுக்குள்ள இருக்குபோல. என் நெஞ்சுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்பாள். சின்ன வயதிலிருந்து மரம், மதில், தண்ணீர்த் தொட்டி என்று ஏறாத இடமில்லை அவளுக்கு. அப்படிப்பட்டவள் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளப் பழகினாள். நான் மறுத்துத்தான் பேசினேன். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல. சிலருக்கு உயரம் ஒத்துக்காது, அவ்வளவுதான். அதுக்குப் போய் மனசை உடைச்சுக்காத" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். பாதம் வீங்கிச் செருப்பு வார் அழுந்திய தடம் இருக்கும். நான் மடியில் வைத்துப் பிடித்துவிடுவேன். "உங்களை மாதிரி யாருங்க பாத்துப்பாங்க" என்று கண் கலங்குவாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "கொடுத்து வச்சவம்மா நீ" என்று வாய்விட்டே சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மேஸ்திரிக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம். விதிமுறை கிடக்கட்டும் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு தடவை என்கூட மேல ஏறிட்டு வந்துடும்மா. பயம் விட்டுப்போச்சுன்னா பிரஷரும் இறங்கிடும்" என்றார். பயம்தான் காரணம் என்று எல்லாருமே நம்பியபோது, பயத்துக்கு மருந்து ஏறுவதுதான் என்று அவர் நினைத்தது இயல்புதானே. அவரைத் தப்புச் சொல்ல எனக்கு மனசு வராது.

அன்று நான் ஒரு பஸ் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். நெட்டையின் ஏணியில் இரண்டு புள்ளிகள் ஏறுவது ஜன்னலில் தெரிந்தது. மேலே மேஸ்திரி, கீழே அவள். தலைக்கவசம் மஞ்சளாகத் தெரிந்தது. சரசரவென்றுதான் ஏறினாள். பாதிக்கு மேல் போன பிறகு கீழே இருந்த புள்ளி நின்றுவிட்டது. பிறகு ஏணியிலிருந்து விலகி ஆடியது. பாதுகாப்புக்குக் கட்டியிருந்த இடுப்பு வாரில் தொங்கினாள், மேடம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம், கையில் பிடியே இல்லாமல் போய்விட்டதாம். மேஸ்திரி இறங்கி வந்து அவளைத் தூக்கி ஏணியோடு சேர்த்துக் கட்டும்வரை தொங்கிக்கொண்டே இருந்தாள்.

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கல் நெஞ்சுக்காரன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். ஆனால் ஜன்னலில் நின்று நான் கத்தினால் அங்கே கேட்கவா போகிறது. இறங்கி வந்ததும் தொண்டை வறண்டு போயிருக்குமே என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய் ஐஸ் தட்டை எடுத்து டம்ளரில் தட்டினேன். அவசரத்தில் இரண்டு கட்டி தரையில் விழுந்து வீணாகிவிட்டது. அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவந்தபோது டீ தயாராக இருந்தது. உயரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் படித்துப் படித்துச் சொன்னது சரியாகிவிட்டதல்லவா. அதை நான் வாய்விட்டுச் சொல்லிக் காட்டவில்லை. அந்த அளவுக்குப் பண்பு எனக்கு உண்டு.

அவளே மேஸ்திரியிடம் போய், நெட்டை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மதியம் தவறாமல் வீட்டுக்கு வந்தாள். வந்தாள், சாப்பிட்டாள், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீசை எதில் இடித்தார் என்று நானே கேட்டால், "இடிக்கல" என்பாள். அவ்வளவுதான். ஒருநாள் நானே கரண்டியை மூக்கடியில் வைத்துக்கொண்டு காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன், பெண்கள் மனசு அப்படித்தானே.

அவளைத் தேற்ற வேண்டும் என்று ஒருநாள் துறைமுகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி, மீசை, இன்னும் நாலைந்து பேர், சுகர் அண்ணனும் வந்தார். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன். மீசை தன் மீசையிலிருந்து புதினாவை எடுத்துவிட்டு, "அண்ணே, இது டீயா அமிர்தமா" என்றார். கடை வைக்கச் சொன்னார் மேஸ்திரி. சுகர் அண்ணன் மட்டும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தார். "சர்க்கரைய அள்ளிக் கொட்டிட்டு, சர்க்கரை இல்லன்னு வேற சொல்றாரு. என்னைக் கொல்லப் பாக்கறீங்களா சார்?" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து பெரிய ஃபிளாஸ்க். இதோ, இதுதான். என் மனைவி எடுத்துக்கொண்டு போய்த் தன் கிரேனில் தொங்கவிடுவாள், எல்லாரும் வாங்கிக் குடிப்பார்கள். அவர்களுக்கு வேர் இல்லாமல் தனியாகச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அவர்கள் வாய் நிறையப் புகழ்ந்ததே அந்த இனிப்பைத்தான். வேர் போடாமல் அனுப்பினால், "அண்ணனுக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு" என்பார்கள். ஒரு மனிதனுக்கு அதைவிட அவமானம் உண்டா. அதனால் தாராளமாகவே போட்டேன். என் புத்தி போன போக்கில் நான் செய்த தப்பு இது ஒன்றுதான், மேடம். பெருமைக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

கோடை முடிகிற சமயத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் பரிசோதனை வைத்தார்கள். மீசைக்கு அழுத்தம் எகிறிக் கிடந்தது. மேஸ்திரிக்கும் அப்படியே. இன்னும் வரிசையாக எல்லாருக்கும். கால் வீக்கம், தசைப்பிடிப்பு, ஒருவருக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பக் கையில் வலு இல்லை. கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நர்ஸ் அக்கா வேறு கருவி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் சுகர் அண்ணன். அவருக்கு இல்லாத வியாதி இல்லை. அவர் அழுத்தம் மட்டும் கணக்காக இருந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே?" என்று நர்ஸ் அக்கா கேட்டிருக்கிறார்கள்.

"நான் அந்த டீயைத் தொடமாட்டேம்மா. அதுல சர்க்கரை."

அப்போதுதான் நர்ஸ் அக்கா ஃபிளாஸ்க்கைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறார்கள். கெட்டிக்காரி. அதிமதுரம் என்று நாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் மனைவி அன்று மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டு நான் காலை எடுப்பதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாள். வேர் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தாள்.

"கடைக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். உங்களுக்குத் தெரியுமாமே."

"குடிக்க நல்லாத்தானே இருந்துச்சு" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "நான் தொங்கிட்டு இருந்தப்ப இங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"இல்ல. ஐஸ் போட்டுட்டு இருந்தேன்."

ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி அந்த மெத்தையை எடுத்தாள். போர்வையை அங்கேயே போட்டுவிட்டு, மெத்தையை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணிகூட எடுக்கவில்லை. நான் தைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

டீயை நிறுத்திய பிறகு அவள் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிவிட்டதாம். மற்றவர்களுக்கும் அப்படியே, யாருக்கும் பெரிய சேதமில்லை. பரிசோதனையில் நர்ஸ் அக்கா சரி என்று சொன்னபோது அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள் என்று சுகர் அண்ணன் சொன்னார். இப்போது நெட்டையில் அவள்தான். என் ஜன்னலிலிருந்து கண்ணாடிக்குள் எலுமிச்சை நிறம் துளியாகத் தெரிகிறது. நான் மாடியில் துணி காயப் போடும்போது கை காட்டுகிறேன். வெயில் மின்னுவதால் அவள் திருப்பிக் காட்டுகிறாளா என்று சரியாகத் தெரியவில்லை. காட்டாமல் இருப்பாளா.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் கூட்டிப் போட்டேன். அவள் தொங்குவதைப் பார்த்த பிறகும் கொடுத்தேன். அவள் உயிரா, என்னோடு சாப்பிடும் ஒரு வேளையா என்று யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் உயிர் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், எனக்கு ஒளிப்பதற்கு எதுவும் இல்லை.

வேரைப் பற்றி முதலில் கொடுத்த புகார் சரிதான். ஆனால் நர்ஸ் அக்கா இப்போது கொடுத்திருக்கிற இந்தப் புதுப் புகார்தான் எனக்கு விளங்கவில்லை. நான் தினமும் துறைமுக வாசலுக்கு வருகிறேனாம், தொந்தரவாம். என்ன தொந்தரவு. காலையில் ஃபிளாஸ்க்கைச் சுகர் அண்ணனிடம் கொடுக்கிறேன், சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடி அறை எப்படிக் கொதிக்கும் தெரியுமா. அவளுக்கு யார் டீ போட்டுக் கொடுப்பார்கள். வேரை நன்றாகக் குறைத்துவிட்டேன், மேடம். இப்போது ருசிக்கு மட்டும்தான்.

அந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பாருங்கள், நல்ல கனம் இருக்கும். நேற்று காலையில் நான் கொடுத்தபடியே சாயங்காலம் திரும்பி வந்தது, முந்தாநாளும் அப்படித்தான், அவள் போனதிலிருந்து தினமும் அப்படித்தான். அந்த வெயிலில் தொண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தும், ஒரு வாய்கூடக் குடிக்காமல் எனக்காக முழுசையும் மிச்சம் வைத்து அனுப்புகிறாள்.